வளவுக்குக் கல் பதிக்க முதல் ஒரு கதை



பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆனால் நோன்பு வருவதற்கு முன் எல்லா வீட்டிலும் வளவு துப்புரவாக்கும் வேலை நடக்கிறது. இப்போது எழுதினால்தான் யாருக்காவது பிரயோசனப்படும் என்பதால் எழுதுகிறேன்.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் நம்மட ஆக்கள் பனி உருகியதும் வசந்த காலத்துக்குத் தோட்டம் ஒழுங்குபடுத்துவதாகப் படம் போடுவார்கள். நமக்கு அப்படி ஒரு காலம் இல்லை. நமக்கு இருப்பது மாரியும் கோடையும்தான். ஐப்பசியில் பிடிக்கும் மழை கார்த்திகை, மார்கழி என்று கொட்டி, தை கடைசியில் ஓயும். மாசி பிறந்ததும் மா பூக்கும், முருங்கை துளிர்க்கும், மேற்கே பெரும்போக வெள்ளாண்மை வெட்டுத் தொடங்கும். மண் இன்னும் ஈரமாக இருக்கும், வெயில் இன்னும் சுடாது. வைகாசியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பிறகு வளவில் நிற்கவே ஏலாது. அதனால் இந்தச் சில கிழமைதான் நம்மட வசந்தம்.

இந்த வருடம் அதிலேயே நோன்பும் வருகிறது. ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் நோன்பு 33 வருடத்துக்கு ஒரு தடவை எல்லாக் காலத்தையும் சுற்றி வரும். 1993 இலும் இதே மாசியில்தான் நோன்பு. அப்போது நான் சின்னப் பிள்ளை. மாரியில் ஊறிப்போன கிடுகு வேலியைப் பிரித்து, நல்ல கிடுகை மட்டும் தெரிந்து, உம்மாவும் மூத்தம்மாவும் நோன்புக்கு முன் வேலி அடைத்தது ஞாபகம் இருக்கிறது. இப்போது கிடுகு வேலி ஊரில் எங்கே இருக்கிறது? எல்லாம் மதில். மதில் வந்தது பரவாயில்லை. அடுத்ததாக வந்திருப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்கு ஊர் அக்கரைப்பற்று. படிப்பிப்பது தம்பிலுவில்லில். காலையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறி, தம்பட்டை தாண்டி இறங்குவேன். பாடசாலைக்கு நடந்து போகும் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் இன்னும் வெள்ளை மணல் வளவுகள் இருக்கின்றன. விடிந்தவுடன் கூட்டி, ஈர்க்குக் கட்டையின் கோடு அப்படியே மணலில் தெரியும். தைப்பொங்கலுக்கு முன் அவர்கள் வளவைத் துப்புரவாக்கி முடித்துவிடுவார்கள். நாம் நோன்புக்காகத் தொடங்குவோம். இந்த வருடம் அவர்கள் ஒதுக்கிய தும்புத்தடி இங்கே வந்தது போல ஒரு மாத இடைவெளிதான்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தம்பிலுவில், கோளாவில், பொத்துவில். வில் என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வில்பத்துவில் இருக்கும் நீர்நிலைகளையும் வில்லு என்றுதான் சொல்கிறோம். சிங்களத்திலும் வில என்றால் அதுதான். கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும், நடுவில் ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில்தான் கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் வரிசையாக வீடு கட்டி இருக்கிறோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை தங்கச்சி ஓடி வந்தாள். மாப்பிள்ளை கட்டாரிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார். பெருநாளைக்கு அவர் வருகிறார். அதற்குள் வளவு முழுவதும் இன்டர்லொக் கல் பதிக்க வேணும். மேசனோடு பேசியும் முடித்துவிட்டாள்.

“ராத்தா, கல்லு பதிச்சா குப்ப கூட்டுற வேலையும் இல்ல, மண்ணு வூட்டுக்குள்ள வாறதும் இல்ல. நோன்போட ஆருக்கு ஏலும் இந்த வளவக் கூட்ட?”

அவள் சொல்வது பொய் இல்லை. விடிய எழும்பி சஹர் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தையல் வேலையும் பார்க்கிறவள். வளவு கூட்டுவது எப்போதும் பொம்பிளைகளின் தலையில்தான். வளவில் மண் வேணும் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் ஒரு நாளும் தும்புத்தடி பிடித்திருக்க மாட்டார்கள். அதனால் அவளிடம் ஒரே சொல்லில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. உம்மாவின் வளவு 40 பேர்ச். நாங்கள் 4 பெண் பிள்ளைகள். நம்மட வழக்கப்படி வீடும் வளவும் பெண் பிள்ளைக்குத்தானே. தலைக்கு 10 பேர்ச் ஆனது. பழைய கிணறு எனக்கும் தங்கச்சிக்கும் நடு எல்லையில் வந்தது. மதில் கட்டும்போது கிணற்றுக்கு மேலால் பாதிப் பாதியாகக் கட்டினோம். அவள் பக்கம் ஒரு மோட்டர், என் பக்கம் ஒரு மோட்டர். தண்ணீர் ஒன்றுதான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து தங்கச்சியோடு இருந்து கணக்குப் பார்த்தேன். நீங்களும் உங்கள் வளவுக்குப் பார்க்கலாம்.

ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 10 பேர்ச் என்றால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. அதில் வீடு 1,200 சதுர அடி. மிச்சம் 1,500 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 140 சதுர மீற்றர் திறந்த வளவு. மாரியில் நல்ல மழை நாளொன்றில் 100 மில்லிமீற்றர் பெய்வது நமக்குப் புதினம் இல்லை. அந்த ஒரு நாளில் அவளுடைய திறந்த வளவில் மட்டும் 14,000 லீற்றர் விழுகிறது. கூரையில் விழுவது இன்னும் 11,000 லீற்றர். கூரைக்கு மேலே வைக்கும் 1,000 லீற்றர் தாங்கி போல 25 தாங்கி.

மணல் வளவு என்றால் அதில் பெரும்பகுதி நிலத்துக்குள் போகும். கல் பதித்தால் எங்கே போகும்? கடப்பால் ஒழுங்கைக்குப் போகும். ஒழுங்கையிலும் கொங்கிறீற். கான் நிரம்பினால் பள்ளமான வீட்டுக்குள் போகும். அந்த வரிசையில் பள்ளமான வீடு என்னுடையது.

இன்டர்லொக் கல்லின் இடைவெளியால் தண்ணீர் இறங்கும்தானே என்று கேட்பீர்கள். அடியில் மண்ணை இறுக்கி, கல் தூள் போட்டு, இடைவெளியைச் சீமெந்தால் அடைத்து வேலை செய்தால் எவ்வளவு இறங்கும் என்று உங்கள் மேசனிடமே கேளுங்கள்.

வெள்ளம் ஒரு பக்கம். அது வந்தால் கண்ணுக்குத் தெரியும், வடிந்தும் போகும். கிணற்றுக்கு நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாது.

நம்மட கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால் பலர் “நிலத்துக்குக் கீழ ஆறு ஓடுது” என்பார்கள். நம்மட கரையில் அப்படி ஆறு ஒன்றும் இல்லை. இந்த மணல் திட்டுக்குக் கீழே, கடல் பக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளே வந்து நிற்கிறது. மாரியில் மணலால் இறங்கும் மழைத் தண்ணீர் அந்த உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைவு. சோற்றுப்பானையில் எண்ணெய் மிதப்பது போல என்று வகுப்பில் சொல்வேன். ஆனால் இவை இரண்டும் கலக்கக்கூடியவை, அதுதான் பயம்.

இதற்கு நிலத்தடி நீர் படித்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும். கேட்கச் சந்தோசமாக இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். கோடையில் மோட்டரைப் போட்டு இழு இழு என்று இழுக்கிறோம். மாரியில் கொடுக்க வேண்டியதைக் கல்லால் மூடிவிடுகிறோம். எடுப்பது கூடி, வைப்பது குறைந்தால் எந்த வங்கிக் கணக்கும் தாங்காது.

சுனாமியைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம்மட அம்பாறை மாவட்டம். உயிர் தப்பினவர்களுக்கு அடுத்த நாள் வந்த பிரச்சினை தண்ணீர். கரையோரக் கிணறு எல்லாம் உப்பு. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் மோட்டர் போட்டுக் கிணறுகளை இறைத்தார்கள். இறைக்க இறைக்க உப்பு குறையவில்லை. அதிகமாக இறைத்தால் அடியிலிருந்து இன்னும் உப்பு மேலே வரும், அதனால் திரும்பத் திரும்ப இறைக்க வேண்டாம் என்று பிறகு ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். கிணறுகளைத் திரும்பவும் நல்ல தண்ணீராக்கியது அடுத்தடுத்து வந்த மழைதான். மணலால் இறங்கி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளியது. அன்றைக்கு எல்லா வளவும் கல்லால் மூடியிருந்தால் அந்த மழை எங்கே இறங்கியிருக்கும்?

“இப்ப குழாய்த் தண்ணி இருக்குத்தானே ராத்தா” என்றாள் தங்கச்சி. இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உடுப்புக் கழுவ, மரத்துக்கு ஊற்ற, வுழூச் செய்ய எல்லாவற்றுக்கும் கிணறுதான். கடந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் எத்தனை ஊருக்குக் கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை என்று செய்தியில் பார்த்தோம். அப்படியான நாளில் வாளியும் கயிறும் போட்டால் தண்ணீர் தருவது வளவுக் கிணறு ஒன்றுதான்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தவ. கடைசியில் ஒன்று சொன்னா:

“மண்ணு குடிச்சாத்தான் புள்ள கிணறு தரும்.”

நாங்கள் எடுத்த முடிவு இதுதான். கடப்பிலிருந்து வாசல் வரை மூன்று அடி அகலத்தில் ஒரு நடைபாதை. மோட்டர் சைக்கிள் நிறுத்த ஒரு சின்ன இடம். உடுப்புக் கழுவும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம். அவ்வளவுக்கும் கல். மிச்சம் எல்லாம் மணல். பாதை வந்ததால் வீட்டுக்குள் மண் வருவது குறையும். மிச்சக் காசில் ஒரு பகுதியை எடுத்து கூரைக்குப் பீலி போட்டு, அந்தத் தண்ணீரை வளவுக்குள்ளேயே ஒரு குழியில் இறக்குகிறோம். குழிக்குள் உடைந்த செங்கல்லும் பரல் கல்லும், மேலே மணல். மலசலகூடக் குழி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அதை வெட்டச் சொல்லியிருக்கிறோம். வளவு கூட்டும் வேலையில் அவளுடைய இரண்டு மகன்மாருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை போட்டாயிற்று. பொம்பிளைப் பிள்ளைக்கு மட்டும் எழுதிய வேலை இல்லை அது.

மாப்பிள்ளையிடம் வட்ஸ்அப்பில் சொன்னபோது முதலில் முகம் சுருங்கியது. “எல்லாரும் போடுறாங்க, நம்மட வூடு மட்டும் மண்ணா?” என்றார். பாவம், பாலைவனத்தில் வெயிலில் நின்று உழைத்த காசு. ஊருக்கு வந்தால் அது ஒரு இடத்தில் கண்ணுக்குத் தெரிய வேணும் என்று நினைப்பது பிழை இல்லை. கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பாதை ஓரமாக இரண்டு செவ்விளநீர்க் கன்று வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மலசலகூடக் குழி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேணும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேணும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். 10 பேர்ச்சில், 6 பேர்ச்சில் அதற்கு எங்கே இடம்? சாய்ந்தமருது, கல்முனைக்குடிப் பக்கம் இன்னும் நெருக்கம். பெண் பிள்ளைக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பதில் வளவு சுருங்குகிறது, கிணறும் குழியும் கிட்டக் கிட்ட வருகின்றன. வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வழக்கம் இல்லாவிட்டால் எனக்கு இந்த வளவே இல்லை. ஆனால் பிரிக்கும்போது குழி எங்கே, கிணறு எங்கே என்று நான்கு பேரும் சேர்ந்து இருந்து தீர்மானியுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

நோன்புக்கு முன் வளவில் செய்யக்கூடிய மற்ற வேலைகளையும் எழுதிவிடுகிறேன்.

முதலாவது, நுளம்பு. மாரி முடிந்து வெயிலும் இடைக்கிடை மழையும் வரும் இந்த நேரம் டெங்குக்கு நல்ல வசதி. 2017 இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளர்கள். சிரட்டை, யோகட் கப், பழைய ரயர், அணில் ஓட்டை போட்ட குரும்பட்டி, இலை அடைத்த பீலி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்து கிடக்கும். திரும்பத் தண்ணீர் பட்டால் ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். பூச்சாடித் தட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள்.

இரண்டாவது, சருகு. கூட்டிக் குவித்து மஃரிபு நேரத்தில் நெருப்பு வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புகை பக்கத்து வீட்டு மூச்சுக்கார மூத்தம்மாவுக்குப் போகிறது. சருகைத் தென்னையைச் சுற்றிப் போடுங்கள். உரிமட்டை கிடந்தால், தென்னையிலிருந்து ஆறடி தள்ளி ஒரு கான் வெட்டி, உள்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண்ணால் மூடுங்கள். பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கச்சான் காலத்தில் கொடுக்கும். செத்த தென்னங்குற்றியையும் உக்கிய எருக் குவியலையும் அப்படியே விடாதீர்கள். கருவண்டு பெருகும் இடம் அதுதான்.

மூன்றாவது, வைக்கோல். வெட்டு முடிந்த வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். யாரிடமாவது கேட்டு இரண்டு உரப்பை கொண்டு வந்து கொச்சிக்காய், கத்தரி, வெண்டிக் கன்றுகளுக்கு அடியில் பரப்புங்கள். மணல் அவ்வளவு சூடேறாது, ஊற்றும் தண்ணீரும் குறையும்.

நான்காவது, முருங்கை. நோன்பில் கஞ்சிக்கும் கறிக்கும் இலையை ஒடித்துவிட்டு, உயர்ந்த கொப்புகளை வெட்டிவிடுங்கள். வெட்டிய தடியை வீசாமல் மதில் ஓரத்தில் நடுங்கள். ஈரம் இருக்கும்போதே நட்டால் பிடித்துவிடும். எங்கள் வளவில் இப்போது நிற்கும் முருங்கை, தம்பிலுவில்லில் என்னோடு படிப்பிக்கும் டீச்சர் தன் வளவிலிருந்து வெட்டித் தந்த தடிதான். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். நான் அவவுக்குக் கொடுத்தது ஒரு மருதோண்டிக் கன்று. அவவின் மகளின் கலியாணத்துக்கு அந்த இலையைத்தான் அரைத்தார்கள்.

ஐந்தாவது, வுழூச் செய்யும் தண்ணீர். அது ஓடும் இடத்தில் ஒரு வாழைக்குட்டி வையுங்கள். நோன்பில் ஆளுக்கு ஐந்து நேரம், தறாவீஹுக்கும் சேர்த்து எவ்வளவு தண்ணீர் கானுக்குள் போகிறது என்று பாருங்கள். அதற்காகக் குழாயை முழுதாகத் திறக்கவும் வேண்டாம். ஓடும் ஆற்றங்கரையில் நின்றாலும் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்றல்லவா நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

கடைசியாக, கிணறு. இப்போது இறைக்க வேண்டாம். கிணறு துப்புரவாக்குவதென்றால் ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடியில் நிற்கும்போது, மாரிக்கு முன் செய்யுங்கள். இப்போது செய்ய வேண்டியது கிணற்றுக் கட்டைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், மேலே ஒரு வலை போடுவதும்தான். மீன் விட்டிருந்தால் நல்லது, குடம்பிகளைத் தின்னும்.

காசு இருக்கிறவர்கள் வளவை அழகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதைக்குக் கல் போடுங்கள், வாகனம் நிற்கும் இடத்துக்குப் போடுங்கள். நோயாளி, வயதானவர் இருக்கும் வீட்டில் சறுக்காத நல்ல நடைபாதை கட்டாயம் வேணும். ஆனால் வளவில் பாதியாவது மண்ணாக விடுங்கள். உங்கள் வளவில் இறங்கும் மழை மதிலோடு நின்றுவிடுவதில்லை. மணலுக்குக் கீழே எல்லை போடவில்லை. நீங்கள் விடும் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஊறும், நீங்கள் மூடினால் அவர்களுக்கும் குறையும். அண்டை வீட்டார் உரிமை என்று பயானில் கேட்பதில் இதையும் சேர்த்துக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மேசன் வேலைக்கு முற்காசு கொடுக்க முதல் ஒரு கொப்பியை எடுத்து உங்கள் வளவின் நீள அகலத்தை அளந்து கணக்குப் பாருங்கள். கணக்கு விளங்காவிட்டால் வீட்டில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், செய்து தரும்.

எல்லாருடைய நோன்பையும் அல்லாஹ் லேசாக்கித் தரட்டும். துஆவில் உம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.